மேல்கட்டிலுக்கு ஒரு ஸ்கீ லிஃப்ட்

1

சிங்கப்பூரில் பனி பெய்யாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் பெய்யும் என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முழுக் காரணம் என் அண்ணன் சரவணன். பக்கத்தில் நின்று தலையாட்டியது நான்.

அண்ணன் தெம்பனிஸ் பக்கம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையில் இருந்தான். நான் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு மேலே, ஆறு பேர் படுக்கும் அறையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் ரயில் ஏறி ஃபேரர் பார்க்கில் வந்து இறங்குவான். சாப்பிடுவோம், ஊருக்குப் பேசுவோம், பிறகு செய்வதற்கு எதுவும் இல்லாமல் சிராங்கூன் ரோட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்போம். அப்படி நடந்த ஒரு நாள் அவன் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குள் நுழைந்துவிட்டான். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்துப் படம் எடுத்து, பின்னால் எந்த ஊரைக் கேட்டாலும் ஒட்டித் தருகிற கடை. பாரிஸ், துபாய், தாஜ்மகால் என்று ஆல்பத்தைப் புரட்டினார்கள். அண்ணன் பனிமலையில் விரலை வைத்தான். கம்பியில் வரிசையாக நாற்காலிகள் தொங்கும், அதில் ஆட்கள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மலை ஏறுவார்கள், அந்தப் படம். அதற்கு ஸ்கீ லிஃப்ட் என்று பெயர் என்பது அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

"கோட்டு போட்டு விடவாப்பா? கம்ப்யூட்டர்லயே போட்டுரலாம்" என்றார் கடைக்காரர்.

"வேணாம்ணே. கோட்டு போட்டா பாப்பாவுக்கு அடையாளம் தெரியாது."

அதனால் என் அண்ணன் அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் பனிமலை ஏறினான். பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

அந்தப் படத்தை மகள் கனிஷ்காவுக்கு அனுப்பினான். அப்போது அவளுக்கு ஐந்து வயது. "அப்பா டெய்லி இதுலதான் வேலைக்குப் போறேன்" என்றான். நான் போனுக்குள் தலையை நீட்டி, "ஆமா பாப்பா, இங்க பஸ்ஸெல்லாம் கெடயாது" என்றேன். அன்றைக்கு ராத்திரிக்குள் அவள் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

2

போன வருஷம் ஒரு காலையில் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அவனுக்கு முப்பத்து நாலு வயது. எனக்கு இருபத்தைந்து. அப்பா அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தது, அடித்தது, ஒன்பதாவதில் நான் பெயிலானபோது மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டது, இந்த ஊருக்கு இழுத்து வந்தது எல்லாம் அவன்தான்.

ஊருக்கு நான்தான் கொண்டுபோனேன். ஒரே விமானம். நான் மேலே ஜன்னலோர சீட்டில், அவன் கீழே சரக்கில். சாப்பாடு கொண்டுவந்த பெண் சைவமா அசைவமா என்று கேட்டாள். நான் இரண்டு என்று சொன்னேன். ஆள் கணக்குக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

அவனை எடுக்கும்போது கனியை அடுத்த தெருவில் ஒரு வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, அவளைக் கூட்டிவரப் போனது நான்.

"அப்பா வந்தாங்கன்னு சொன்னாங்களே, எங்க?"

பெரியவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் சரியாக ஏதாவது சொல்லியிருப்பார்கள். மாட்டியது நான். "அப்பா அந்த நாற்காலில ஏறி மேல போயிட்டாரு பாப்பா" என்றேன்.

"எப்ப எறங்குவாங்க?"

"லேட்டாகும்."

நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். என் வாயில் வேறு என்ன வரும்?

3

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுக்குமாடி வீடுகளின் லிஃப்ட்டுக்கு எண்ணெய் போடுவது, கயிறு பார்ப்பது, நின்றுபோனால் ஓடுவது. உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் மோட்டார் அறைக்குப் போய், பிரேக்கைத் தளர்த்தி, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றிப் பக்கத்து மாடிக்குக் கொண்டுவந்து ஆளை வெளியே எடுப்போம். மின்சாரமே வேண்டாம், கை போதும். நான் ஊருக்குப் பேசும்போதெல்லாம் இதைத்தான் அளப்பேன். இன்று ஒரு பாட்டியைக் காப்பாற்றினேன், நேற்று ஒரு நாய்க்குட்டியைக் காப்பாற்றினேன் என்று.

என்னோடு வேலை பார்ப்பவர் முரளி அண்ணே. தெம்பனிஸில் பிறந்து வளர்ந்தவர், இந்த ஊர்க்காரர்களைப் போலப் பேச்சுக்கு நடுவே 'லா' போடுவார், இருபது வருஷமாக லிஃப்ட். மாட்டிக்கொண்டவர்களிடம் இன்டர்காமில் பேசுவது என் வேலை. முதல் மாதம் நான் எல்லாரிடமும் "டூ மினிட்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முரளி அண்ணே போனைப் பிடுங்கிவிட்டார்.

"ஏய், ரெண்டு நிமிஷம்னு சொல்லாத லா. ரெண்டு நிமிஷம் ஆனதும் அவங்க கதவ ஒடைப்பாங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. பொய் சொன்னா உள்ள இருக்கற ஆளு இன்னும் பயந்துரும்."

அங்கே கற்றுக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

இந்த வருஷம் ஒரு நாள் அண்ணி போன் செய்தார். கனி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். டீச்சர் அண்ணியைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறார்.

"வகுப்புல எல்லார்ட்டயும் சொல்லிருக்கா தம்பி. எங்கப்பா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு மேலயே நிக்கிறாங்க, சித்தப்பா ரிப்பேர் பண்ணி எறக்கிருவாங்கன்னு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான் எத்தனையோ தடவ சொல்லிப் பாத்துட்டேன். உங்களுக்குத் தெரியாதும்மா, சித்தப்பாதான் லிஃப்ட் பாக்குறாங்கங்கறா. நான் சொன்னா எடுபடல. நீங்க சொன்னத நீங்களே சரி பண்ணுங்க. தெவசத்துக்குள்ள பண்ணுங்க. அன்னைக்குப் படையல் போட்டு எல பரப்பும்போது அவ வாசலப் பாத்துக்கிட்டு நிப்பா. என்னால அதப் பாக்க முடியாது."

"சரி அண்ணி."

"நீங்க வர்றீங்கல்ல?"

"லீவு தர மாட்டேங்கறாங்க அண்ணி."

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. லீவு நான் கேட்கவே இல்லை. படிவம் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருந்தேன். பெயர், வேலை அனுமதி நம்பர் எல்லாம் எழுதிவிட்டேன். 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஒரு மாதமாக மூடித்தான் இருந்தது. ஒரு வருஷத்தில் 'தவறிட்டார்', 'போயிட்டார்', 'இல்லாம போச்சு' எல்லாம் என் வாயில் வந்திருக்கிறது. அந்த நேர் வார்த்தை மட்டும் வந்ததில்லை.

4

செய்து காட்டலாம் என்று யோசனை வந்தது. வாயால் சொன்னால் நான் உளறுவேன். ஓடுகிற லிஃப்ட்டைக் கண்ணால் பார்த்தால், அது பழுதாகவில்லை, யாரும் நடுவில் மாட்டவில்லை என்று அவளுக்கே தெரியும். அதற்கப்புறம் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். ஒரே ஒரு நிபந்தனைதான், லிஃப்ட் நிற்காமல் ஓட வேண்டும். நின்றால் என் கதை முடிந்தது.

எங்கள் அறையில் மூன்று இரட்டைக் கட்டில்கள். எனக்குக் கீழ்க்கட்டில், மேலே பாண்டி. அறந்தாங்கிக்காரன், என் வயசு, எலெக்ட்ரிக் வேலை. என் கட்டிலின் கால்மாட்டிலிருந்து அவன் கட்டிலின் தலைமாட்டுக்குச் சாய்வாக ஒரு பாதை போட்டேன். அதுதான் மலை.

பால் டின் மூடிகளை இரண்டிரண்டாக ஒட்டினால் நடுவில் கயிறு ஓடப் பள்ளம் கிடைக்கும். அப்படிக் கீழே ஒரு சக்கரம், மேலே ஒரு சக்கரம். கயிற்றுக்குத் தூண்டில் நரம்பு. நாற்காலிக்கு சாத்தே குச்சி. கோழி இறைச்சியைக் குத்திச் சுடுகிற குச்சிதான். எட்டு நாற்காலிக்காக அறையில் ஆறு பேரும் இரண்டு நாள் சாத்தே தின்றோம். கையடக்க மின்விசிறி ஒன்றை உடைத்து அதிலிருந்த குட்டி மோட்டாரைக் கீழ்ச் சக்கரத்தோடு சேர்த்தேன். வேகத்தைக் குறைக்க நடுவில் இன்னும் இரண்டு மூடி, ரப்பர் பேண்டு. பனிக்குப் பாண்டியின் தலையணையைக் கிழித்தேன்.

"என் தலகாணிதான் கெடச்சுதாடா ஒனக்கு?"

"மேல இருக்கறவன் நீதானடா. மலை உச்சி ஒன்னோடது."

"ஒங்கண்ணன் வந்து என் தல மேல எறங்குவாரா?"

"காலு இந்தப் பக்கம் வச்சுப் படுடா."

ஆட்களுக்கு இரும்பு நட்டு. எட்டு நாற்காலியிலும் எட்டு நட்டைப் பசை போட்டு உட்கார வைத்தேன். அதில் ஒன்றுக்கு மட்டும் முகம் உண்டு. பாஸ்போர்ட் சைஸ் படம் எட்டு எடுத்தால் நாலு எப்போதும் மிச்சமாகும். அண்ணனின் மிச்சம் என் பர்ஸில் இருந்தது. ஒன்றைக் கத்தரித்து நட்டின் மேல் ஒட்டினேன். பாஸ்போர்ட் படமென்பதால் அவன் சிரிக்கவில்லை. லிஃப்ட்டைச் சோதிக்க வந்த அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பட்டனைத் தட்டினேன். சர்ரென்று ஓடியது. நாலு பேர் மேலே போக, நாலு பேர் கீழே வர, அழகென்றால் அப்படி ஒரு அழகு. ஆறு பேரும் கை தட்டினோம். வங்காளதேசத்துப் பையன் ஒருவன் வீடியோ எடுத்து அவன் ஊருக்கே அனுப்பிவிட்டான்.

5

எங்கள் இடத்துக்கு மாதம் ஒரு முறை சோதனை உண்டு. கட்டிலுக்குக் கட்டில் கொடி கட்டக் கூடாது, கெட்டில் வைக்கக் கூடாது, படிக்கட்டில் சைக்கிள் நிறுத்தக் கூடாது. சோதனைக்கு வருபவர் இந்த ஊர்த் தமிழர். கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன லா இது? துணி காயப் போடற கம்பியா?"

எனக்குத் தமிழும் வரவில்லை, அவருடைய இங்கிலீஷும் வரவில்லை. மேலேயிருந்து பாண்டி சொன்னான்: "சாமி சார்."

"என்ன சாமி?"

"ஊஞ்சல் உற்சவம் சார். எங்க ஊர்ல சாமிய ஊஞ்சல்ல வைப்போம். இங்க எடம் இல்ல, அதான் சின்னதா."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எட்டு ஊஞ்சல் இருக்கு?"

"நவக்கிரகம் சார்."

"நவம்னா ஒம்பது லா."

"ஒருத்தர் லீவு சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் நவக்கிரகத்தில் ஒருவர் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றேன். டேப்லெட்டில் என்ன தட்டினாரோ தெரியாது. "கம்பி வழிய மறைக்கக் கூடாது. அடுத்த மாசம் வந்து பாப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அறைக்குள் வருகிறவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள்.

6

மறுநாள் வேலையில் முரளி அண்ணேயிடம் வீடியோவைக் காட்டினேன். அவர் முகம் கோணலாகிவிட்டது.

"இதுல நான் உக்கார மாட்டேன்பா. போன டிசம்பர் ஃபேமிலியோட கொரியா போனோம்ல? நிஜமாவே இது இருந்துச்சு. கதவு இல்ல, ஓவர்லோட் பெல் இல்ல, நிக்காமலேயே ஆள அள்ளிட்டுப் போவுது. யாரு இதுக்கு சைன் பண்ணாங்கன்னு கேட்டேன். எம்பொண்ணு என்ன விட்டுட்டு அவ பாட்டுக்குப் போயிட்டா. நான் கீழயே காப்பி குடிச்சிக்கிட்டு நின்னேன்."

வீடியோவை மகளுக்கு அனுப்பினார். பதினாலு வயசுப் பெண். அப்பா தமிழில் ஒரு பத்தி அனுப்பினால் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பதிலாக வரும், அதற்கே நாள் முழுக்கச் சந்தோஷப்படுவார். அன்று ஒரு முழு வாக்கியமே குரலில் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்.

"அப்பா, ஒய் இஸ் எவ்ரிபடி கமிங் டவுன்? தே கெட் ஆஃப் அட் த டாப், லா. சேர் மட்டும்தான் கீழ வரும். எம்ட்டியா."

முரளி அண்ணே என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "கவுண்ட்டர் வெயிட் வச்சிருக்க பாரு! லிஃப்ட்டுக்காரன் புத்தி."

நானும் அப்போதுதான் பார்த்தேன். எங்கள் லிஃப்ட்டில் பெட்டி மேலே போனால், மறுபக்கம் எதிர் எடை ஒன்று கீழே வரும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும், மோட்டார் சும்மா தொட்டாலே போதும். கீழே ஒன்று வராமல் மேலே ஒன்று போகவே போகாது என்று கை பழகிவிட்டது. அதனால்தான் யோசிக்காமல் எட்டு நாற்காலியிலும் ஆளை ஒட்டிவிட்டேன். நிஜத்தில் எல்லாரும் உச்சியில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கப்புறம் சறுக்கி வருவார்களோ, அங்கேயே டீ குடிப்பார்களோ, அது அவர்கள் பாடு. திரும்பி வருவது காலி நாற்காலிதான்.

நான் மட்டும் அந்த வீடியோவை அப்படியே கனிக்குக் காட்டியிருந்தால்? அவள் அப்பா மேலே போவார், சுற்றி வருவார், சிரிக்காத முகத்தோடு கீழே வந்து இறங்குவார். பாத்தீங்களா சித்தப்பா, வர்றாங்க என்று சொல்லியிருப்பாள். பொய்யைச் சரிசெய்யப் போய் அதற்கு மோட்டார் வைத்து ஓட்டியிருக்கிறேன்.

அறைக்கு வந்து எட்டு நட்டையும் பிடுங்கினேன். அண்ணனைக் கடைசியாகத்தான் பிடுங்கினேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது, கத்தியால் நெம்ப வேண்டியிருந்தது. இனிமேல் பசை கிடையாது, ஆட்கள் சும்மா உட்கார வேண்டியதுதான். உச்சியில் ஒரு கம்பியை வளைத்துக் கட்டினேன். நாற்காலி அந்தப் பக்கம் திரும்பும்போது கம்பி ஆளின் தோளைத் தட்டிப் பஞ்சில் இறக்கிவிடும்.

இறக்கியது. ஆனால் இப்போது ஏறுகிற பக்கம் பாரம், இறங்குகிற பக்கம் காலி. மோட்டார் முக்கியது. இரண்டு சுற்று ஓடும், மூன்றாவதில் உறுமிக்கொண்டு நிற்கும். ரப்பர் பேண்டை மாற்றினேன், மூடியை மாற்றினேன், ஜாலான் புசார் பக்கம் போய் வேறு மோட்டார் வாங்கி வந்தேன். பரவாயில்லை என்கிற அளவுக்கு ஓடியது. எதற்கும் இருக்கட்டும் என்று கீழ்ச் சக்கரத்தில் சைக்கிள் ஸ்போக்கை வளைத்து ஒரு கைப்பிடி மாட்டினேன். அதுவும் லிஃப்ட்டுக்காரன் புத்திதான்.

7

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணியை வீடியோவில் கூப்பிட்டேன். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தேன். அறையில் மற்றவர்கள் வெளியே போய்விட்டார்கள். பாண்டி மட்டும் மேலே, உச்சியில் ஏதாவது சிக்கினால் எடுத்துவிட, மூச்சு விடாமல் படுத்திருந்தான்.

கனி திரை முழுக்க முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

"ஐ, அப்பா!" என்றாள் நட்டைப் பார்த்ததும். "ஏன் கோவமா இருக்காங்க?"

"பாஸ்போர்ட்ல சிரிக்க விட மாட்டாங்க பாப்பா."

முதலில் மூன்று பேரை ஏற்றினேன். நாலாவது நாற்காலியில் அண்ணன். முதல் மூவரும் போய்ப் பஞ்சில் தொப்பென்று இறங்கினார்கள். கனி ஒவ்வொருவருக்கும் சிரித்தாள். அண்ணனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேரை ஏற்றியதும் மோட்டார் உறுமியது. அண்ணன் பாதி மலையில் இருந்தான். உறுமல் நின்றது. நாற்காலி முன்னும் பின்னும் ஆடி அதுவும் நின்றது.

"நின்னுருச்சு சித்தப்பா."

"ம்."

"அப்பா நடுவுல நிக்கிறாங்க."

மேலேயிருந்து பாண்டி, "டேய்" என்று மட்டும் சொன்னான்.

பட்டனைத் தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன். என் வாயில் "ரெண்டு நிமிஷம் பாப்பா" என்பது வந்துவிட்டது. அதை அப்படியே முழுங்கினேன். மோட்டாரிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டேன்.

"பாப்பா, மோட்டார் போயிருச்சு. நான் கையால சுத்தப் போறேன். மெதுவாத்தான் போகும். பயப்படாத."

இதைத்தான் தினமும் யாராவது ஒருவரிடம் இன்டர்காமில் சொல்கிறேன். கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினேன். ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை. அண்ணன் உச்சிக்குப் போனான், கம்பி தோளைத் தட்டியது, பஞ்சில் குப்புற விழுந்தான். மேலேயிருந்து ஒரு விரல் வந்து அவனை நிமிர்த்தி வைத்தது.

"அது யாரு வெரலு?"

"பாண்டி மாமா."

"மாமா மேலயா இருக்காங்க?"

"படுத்திருக்கான்."

சுற்றிக்கொண்டே இருந்தேன். நாற்காலிகள் மறுபக்கம் திரும்பிக் கீழே வந்தன. அவள் விரலை மடக்கி எண்ணினாள். எட்டும் வந்த பிறகு, "எல்லாம் காலி" என்றாள்.

"ஆமா பாப்பா."

"அப்ப ரிப்பேர் இல்லயா?"

"இல்ல. ஒரு நாளும் ரிப்பேர் ஆகல. சித்தப்பா சொன்னது பொய்யி."

"அப்ப அப்பா?"

கைப்பிடியை விடவில்லை. விட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். "அப்பா செத்துப் போயிட்டாரு பாப்பா. நெஞ்சு வலி வந்து செத்துட்டாரு. மேல எங்கயும் மாட்டிக்கிட்டு நிக்கல. எங்கண்ணன் செத்துட்டாரு. என்னால எறக்க முடியாது."

திரையில் முகம் போய் மின்விசிறி வந்தது. போனைக் கீழே வைத்துவிட்டாள். அழுகிறாளா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். கேட்ட அழுகை பாண்டியுடையது. ரொம்ப நேரம் அந்த மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அண்ணன் மாட்டியது.

பிறகு முகம் வந்தது. கண் சிவந்திருந்தது. பின்னால் அண்ணியின் தோள் தெரிந்தது.

"சித்தப்பா, நீங்க செத்துப் போகலல்ல?"

"இல்ல பாப்பா."

"மாட்டிக்கலல்ல?"

"இல்ல."

"அப்ப நீங்க ஏன் வரல?"

லீவு தரவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காலி நாற்காலி ஒன்று என் மூக்குக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது.

"நான் லீவே கேக்கல பாப்பா. அம்மாகிட்ட சொன்னது பொய்யி."

பின்னாலிருந்து அண்ணியின் குரல் மட்டும் வந்தது. "இப்பக் கேளுங்க தம்பி."

8

திங்கட்கிழமை மதியம் படிவத்தை முரளி அண்ணே முன்னால் வைத்தேன். 'காரணம்' கட்டத்தில், கட்டத்துக்கு வெளியே போகும்படி, அண்ணன் செத்துட்டார் என்று தமிழில் எழுதியிருந்தேன்.

"ஆஃபீஸ்ல தமிழ் யாரு படிப்பாங்க? கொண்டா, கீழ நான் இங்கிலீஷ்ல எழுதறேன்." பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "ஏய், இது போன வருஷம்ல?"

"ஆமாண்ணே. நேத்துத்தான் சொன்னேன்."

யாரிடம் என்று கேட்கவில்லை. நான் எழுதியதை அடிக்காமல், அதற்குக் கீழேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். பத்து நாள் கிடைத்தது. கேட்டால் கிடைத்திருக்கும் என்பது ஒரு வருஷமாக எனக்குத் தெரியும்.

ஊரில் வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். முதலாம் ஆண்டு கண்ணீர் அஞ்சலி. அண்ணன் சிரிக்கிற படம் அது ஒன்றுதான் என்று அண்ணி ஸ்டூடியோ படத்தையே கொடுத்துவிட்டார். அதனால் மொட்டை வெயிலில், எங்கள் தெருவில், என் அண்ணன் அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் பனிமலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வந்தவர்கள் எல்லாம் என்னிடம், அங்க ரொம்பக் குளிருமோ என்று கேட்டார்கள். குளிராது, அது ஒட்டின படம், பனியே கிடையாது என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நான் நிஜம் சொல்ல ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

படையல் போட்டு இலை பரப்பினார்கள். கனி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாசலைப் பார்க்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த ஒரு சாத்தே குச்சி நாற்காலியைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி கற்பூரம் ஏற்றினார். எல்லாரும் கும்பிடக் கை தூக்கிய நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் நடுங்கியது. பாண்டியின் குரல் செய்தி. நிறுத்தப் போய்ப் பட்டனை மாற்றி அமுக்கிவிட்டேன். சபை நடுவில் அவன் குரல் கணீரென்று வந்தது.

"டேய், செக்கிங் சாரு வந்தாருடா. ஏழு ஊஞ்சலும் காலியா தொங்குதேப்பா, சாமியெல்லாம் எங்கன்னு கேட்டாரு. எறங்கிட்டாங்க சார்னேன். சரின்னு போயிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமானது. பெரியவர்கள் முறைத்தார்கள். ஒரு சித்தி, பாவம் புள்ள தாங்காம அழுவுறான் என்று என் முதுகைத் தடவினார். அவர் சொன்னதும் பாதி சரிதான்.

கனி மட்டும் என் முகத்தையே பார்த்தாள். பிறகு நாற்காலியை இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சித்தப்பா, வடை எடுத்துக்கலாமா?" என்றாள்.